அறுபத்திரண்டுக்கு மேல்முறையீடு

முள்ளு சார் குடியிருந்தது மூன்றாம் மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கொஞ்ச காலமாக அவர் படியேறுவது கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. முதல் மாடிக்கு வந்ததும் நிற்பார். கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்ப்பார். "திருகாணி... தளந்திருக்கு. பிள்ளைங்க... புழங்குற இடம்" என்பார். இரண்டாம் மாடியில் மீட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே வெகுநேரம் பார்ப்பார். "ஒட்டடை" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கீழ்வீட்டுக்காரர்கள் பயந்துபோய்த் திருகாணியை முடுக்கினார்கள், ஒட்டடை அடித்தார்கள். அடுத்த வாரம் அவர் பூந்தொட்டிகளில் குறை கண்டார். மனிதருக்கு மூச்சு வாங்குகிறது, அதற்காக நிற்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றும்படி அவர் நிற்கவுமில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அவர் கொதிகலன் ஆய்வாளர். ஆலைகளில் நீராவி உண்டாக்கும் பெரிய இரும்புக் கலன்கள் வெடிக்காமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது தொழில். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தால் அங்கேயே கலனை அணைக்கச் சொல்லி முத்திரை வைத்துவிட்டு வருவார். முதலாளி காலில் விழுந்தாலும் சரி, மேலிடத்திலிருந்து போன் வந்தாலும் சரி. "முள்ளு சொன்னா முடிஞ்சுது" என்பார். அதனால் வந்த பெயர். பெயரை வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

அவருடைய குடும்பத்து ஆண்கள் நோயில் படுத்தவர்கள் அல்லர். தகப்பனார் நின்றவாக்கில் போனார். பாட்டனார் பேசிக்கொண்டிருக்கும்போதே போனார், அதுவும் வாதத்தில் ஜெயித்த பிறகு. அந்த வழியில் வந்தவர் வாய் திறந்து "எனக்கு மூச்சு வாங்குது" என்று சொல்வதா? குடும்பத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் மூத்தவரோடு மல்லுக்கு நிற்கலாம். வாசற்படியைத் தாண்டிவிட்டால் அவர் சொன்னதுதான் சொல். வெளியார் முன்னால் அவரை மறுத்துப் பேசிய வாய் அந்த வம்சத்தில் இல்லை.

அவர் கணுக்காலில் காலுறையின் பட்டை பள்ளமாகப் பதிந்து, விடிந்த பிறகும் மறையாமல் இருப்பதை மனைவிதான் பார்த்தாள். சொன்னால் வரமாட்டார். ஆகவே தனக்கு முழங்கால் வலி என்று சொல்லி அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குடும்ப டாக்டரிடம் போனாள். டாக்டர் அவள் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு துணைக்கு வந்தவரின் காலை அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி குழியாகவே இருந்தது. இதயத்துக்கு எக்கோ எடுக்க எழுதிக் கொடுத்தார்.

முடிவு வந்த நாளில் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், இதயத்துலேருந்து நுரையீரலுக்கு ரத்தம் போற குழாய் இருக்கில்ல, அதுல அழுத்தம் அறுபத்திரண்டு காட்டுது. அதிகம். இதயத்தோட வலது பக்கம் கொஞ்சம் பெருத்தும் இருக்கு. இதை மட்டுமே பாக்கற ஸ்பெஷலிஸ்ட் இருக்காங்க. தள்ளிப்போடாம போய்ப் பாருங்க."

முள்ளு சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"அறுபத்திரண்டு என்ன?"

"மில்லிமீட்டர் பாதரசம்."

அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "டாக்டர், நம்ம தலைமேல இருக்கிற காத்தோட அழுத்தமே எழுநூத்தி அறுபது. அறுபத்திரண்டுன்னா அதுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. சைக்கிள் டியூப் கேட்டா சிரிக்கும்."

"சார், இது சைக்கிள் இல்ல."

"இப்ப என் கையில எவ்வளவு காட்டுச்சு?"

"நூத்தி முப்பது."

"கையில நூத்தி முப்பது. நெஞ்சுக்குள்ள அறுபத்திரண்டு. பாதிக்கும் கீழ. இது நோயா, நற்சான்றா?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். ஆலைகளில் கலனுக்கு அனுமதி கொடுக்கும் அதே குரலில் "ஓடலாம்" என்று தனக்குத் தானே தேர்ச்சி கொடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசற்படி தாண்டிய இடமாதலால் மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். தம்பியும் ஓய்வு பெற்றவன்தான். அண்ணனுக்கு எது இருந்தாலும் தனக்கு ஒரு படி கூட இருப்பதாகச் சொல்வது அவனுடைய பிறவிக் குணம்.

"அறுபத்திரண்டா? எனக்குக் கையிலயே நூத்தி அறுபது, அண்ணே."

"உனக்கு எப்பவும் எல்லாம் கொழுப்புதான். நம்ம குழாயைப் பாரு. இந்த வயசுல அறுபத்திரண்டு."

மருமகள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மாமா, டாக்டர் அதிகம்னுதானே சொன்னாரு?" என்றாள்.

"டாக்டர் படிச்சது உடம்பு. அழுத்தம் என் பாடம்மா" என்றார் அவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

முடிந்திருக்கும். ஆனால் மூன்றாம் நாள் முள்ளு சார் காய்கறிப் பையோடு படியேறி, இரண்டாம் மாடியில் மீட்டர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும்போது, கீழ்வீட்டுத் தையற்காரர் ஓடி வந்தார்.

"சார், பையக் குடுங்க. உங்களுக்கு என்னமோ அழுத்தம் ஏறிப்போச்சாமே? சொல்லக் கூடாதா? நாங்க ஒட்டடைய இல்ல அடிச்சிட்டிருந்தோம்."

பையை வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று மேலே போய் வைத்துவிட்டு, இறங்கும்போது தோளில் ஆறுதலாகத் தட்டியும் கொடுத்துவிட்டுப் போனார். முள்ளு சாரை அதுவரை யாரும் தட்டிக் கொடுத்ததில்லை.

வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்மா" என்று மருமகளைக் கூப்பிட்டார். "அந்தப் பெரிய டாக்டர் யாரோ, நேரம் வாங்கு. அறுபத்திரண்டை அதிகம்னு சொன்னது தப்புன்னு அவங்க வாயால சொல்லணும். இது மேல்முறையீடு."

மருமகள் பயணச்சீட்டு முன்பதிவு செய்யும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். இடமில்லை என்ற வண்டியில் இடம் பிடிப்பது அவளுக்குத் தினசரி வேலை. நுரையீரல் அழுத்த மருத்துவர் வாரத்தில் ஒரு நாள்தான் பார்ப்பார், இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அவள் தினமும் காலையில் கூப்பிட்டு, "யாராவது வரலைன்னு சொன்னாங்களா?" என்று இனிமையாகக் கேட்டாள். பத்து நாளில் அந்த அலுவலகத்துப் பெண் இவள் குரலைக் கேட்டாலே "அக்கா" என்றாள். பன்னிரண்டாம் நாள் யாரோ வரவில்லை.

"மேல்முறையீடுன்னு நெனச்சுக்கிட்டு வராரு, நீ எதுவும் சொல்லலியா?" என்று மாமியார் சமையலறையில் ரகசியமாகக் கேட்டாள்.

"எதுக்கு அத்தை? முதல்ல ஆள் உள்ள போகட்டும்."

குடும்பமே புறப்பட்டது. மூத்தவர் தனியாகப் போனால் நன்றாக இருக்காது என்று தம்பி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தான்.

அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நடக்க வைத்தார்கள். நீளமான நடைகூடம். இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறத்தில் கூம்பு. நர்ஸ் அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள்.

"ஆறு நிமிஷம் நடக்கணும் சார். இந்தக் கூம்புக்கும் அந்தக் கூம்புக்கும் போய்ப் போய் வாங்க. முடியலைன்னா நின்னுக்கலாம். ஆனா கடிகாரம் நிக்காது."

"நிக்கிற பேச்சே இல்ல" என்றார் முள்ளு சார்.

"அண்ணன் மட்டும் தனியா நடக்கறதா?" என்று தம்பியும் பக்கத்தில் சேர்ந்துகொண்டான். நர்ஸ் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் விழவில்லை.

முதல் சுற்று ஊர்வலம் மாதிரி கம்பீரமாகப் போனது. இரண்டாவது சுற்றில் தம்பி அரையடி முந்தினான். இளையவன் முந்த மூத்தவர் பின்னால் போவதா? முள்ளு சார் எட்டி வைத்தார். தம்பியும் எட்டி வைத்தான். காத்திருந்த நோயாளிகள் கால்களை மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள். மூன்றாவது சுற்றில் நடைகூடத்தின் ஓரம் மங்கலாகி, காதுக்குள் ஆலைச் சங்கு ஊதுவதுபோல இருந்தது. அவர் சட்டென்று தீயணைக்கும் உருளையின் முன்னால் நின்றார்.

"இதோட முள்ளு... பச்சைக்குக் கீழ... இருக்கு. யாரு... பொறுப்பு?"

நர்ஸ் ஏதோ எழுதினாள். "நின்னுட்டீங்க சார்."

"நிக்கல. ஆய்வு பண்றேன்."

"கால் நகரலையே?"

தம்பி அதற்குள் ஒரு நாற்காலியில் சாய்ந்து, முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் நின்றதைத் தான் பார்க்காமல் இருப்பதற்காக உட்கார்ந்ததாகப் பிற்பாடு சொன்னான்.

நேரம் முடிந்ததும் நர்ஸ் கிளிப்பைப் பார்த்து, "ஆக்சிஜன் எண்பத்தாறுக்கு வந்துடுச்சு" என்றாள்.

"நூத்துக்கா?"

"ஆமா சார்."

"முதல் வகுப்பு" என்றார் அவர், மனைவி பக்கம் திரும்பி.

நர்ஸ் கிளிப்பைக் கழற்றினாள். "இது பரீட்சை இல்ல சார்" என்று மெதுவாகச் சொன்னாள்.

ஸ்பெஷலிஸ்ட் நாற்பது வயதுப் பெண். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். முள்ளு சார் நின்றபடியே தம் வாதத்தை எடுத்து வைத்தார். காற்று மண்டலம் எழுநூற்று அறுபது, கை நூற்று முப்பது, சைக்கிள் டியூப், எல்லாம் வந்தன. டாக்டர் குறுக்கே பேசவில்லை.

"உங்க வாதம் நல்லா இருக்கு சார். ஒரு சந்தேகம். எல்லா பாய்லருக்கும் சிவப்புக் கோடு ஒரே இடத்துலயா இருக்கும்?"

"அது எப்படி? ஒவ்வொரு கலனும் எவ்வளவு தாங்கும்னு கணக்கு இருக்கு. தகட்டோட கனம், இணைப்பு, வயசு, எல்லாம் பாத்துத்தான் கோடு போடுவோம். சலவைக்கூடத்துப் பாய்லரையும் காகித ஆலைப் பாய்லரையும் ஒண்ணா வெச்சு..."

அவர் பேச்சு அந்த இடத்தில் நின்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இந்தக் குழாய்க்குக் கோடு எங்க?"

"எக்கோவுல முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும். கையில இருக்கிற குழாய் தடிச்சது, நூத்தி முப்பதைத் தாங்கும். நுரையீரல் குழாய் மெல்லிசு. அதைத் தள்ளற வலது பக்க இதயமும் மெல்லிசு. அதான் பெருத்துப்போயிருக்கு."

முப்பத்தைந்து தாங்கும் கலனில் அறுபத்திரண்டு நிற்கிறது. இப்படி ஒன்றை ஆலையில் பார்த்திருந்தால் முள்ளு சார் முத்திரையைத் தேடக்கூட நின்றிருக்க மாட்டார். முதலில் உள்ளே இருக்கும் ஆட்களை வெளியே ஓடச் சொல்லியிருப்பார். அவரையறியாமல் கண் கதவுப் பக்கம் போனது.

"இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் டாக்டர். "படி ஏறினா மூச்சு வாங்குதா?"

முள்ளு சார் வாயைத் திறக்கவில்லை. மூத்தவர் பேசாத இடத்தில் குடும்பம் பேச வேண்டுமே. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணனுக்கா? மான் மாதிரி ஏறுவாரு."

"தூக்கத்துல குறட்டை?"

"எங்க குடும்பத்துல குறட்டை கிடையாதுங்க. மூச்சு கொஞ்சம் கம்பீரமா வரும்."

"கால் வீக்கம்?"

"எங்களுக்கு வம்சத்துக்கே கால் நல்ல புஷ்டி."

"மயக்கம்?"

"அதெல்லாம் எங்க சம்பந்தி வீட்டுல."

மருமகள் வாயைத் திறந்தாள். சம்பந்தி வீடு என்பது அவள் பிறந்த வீடு. ஆனாலும் வெளியார் முன்னால் என்பதால் மூடிக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை வைத்தார். "நீங்க சொல்றதைப் பாத்தா இந்த ஆஸ்பத்திரியிலேயே ஆரோக்கியமான ஆள் இவர்தான், என்னையும் சேத்து. ஆனா எக்கோ மிஷினுக்குக் குடும்ப கௌரவம் தெரியாது. இந்த நோய் பல வகை. ஒரு வகைக்கான மருந்து இன்னொரு வகைக்கு விஷம். எந்த வகை, எவ்வளவு அவசரம்னு முடிவு பண்ண நான் மிஷினை மட்டும் பாத்தா போதாது. தப்பாச் சொன்னா தப்பா நடந்துடும்." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. எப்பவாவது மயங்கி விழுந்தாரா?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். தரையைப் பார்த்தாள்.

"இல்லைங்க."

முள்ளு சாருக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். அழுத்தமானியில் துணியைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்லும் ஆலை மேலாளர்கள் தரையை அப்படித்தான் பார்ப்பார்கள். எத்தனை பேரை அந்த ஒரு பார்வையிலேயே பிடித்திருக்கிறார். போன மாதம் அவர் குளியலறையில் விழுந்து கிடந்தபோது அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தில் தண்ணீர் தெளித்தவள் இவள். கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வடிகால் அடைச்சிருக்கான்னு குனிஞ்சு பாத்தேன்." மறுநாள் அவள் குழாய்க்காரனை வரவழைத்து, அடைக்காத வடிகாலைச் சுத்தம் செய்ய வைத்தாள். அவர் வார்த்தை பொய்யாகக் கூடாதல்லவா.

பொய்யறிக்கை ஒன்றில்கூடக் கையெழுத்து வைக்காதவர் முள்ளு சார். இப்போது அவருக்காக, அவர் மனைவியே முள்ளின் மேல் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த வம்சத்துக்கு இது கௌரவம்?

"டாக்டரம்மா, அவ சொன்னது உண்மையில்ல" என்றார்.

"அண்ணே..." என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. மான் மாதிரியாம்." அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "எழுதிக்கங்க. எனக்கு மூச்சு வாங்குது." சொல்லிவிட்டு, அந்த மூச்சையே மறைக்காமல் ஒரு தரம் வாங்கினார். "படியில ஒவ்வொரு மாடிக்கும் நிக்கிறேன். ஆறு மாசமா. அதுக்கு முன்னாடி... இரண்டாம் மாடியில மட்டும். கால் சாயங்காலம் வீங்குது. மயக்கம் ஒரு தடவை. குளியலறையில. வடிகால்ல ஒரு கோளாறும் இல்ல. இப்ப நடந்தப்ப ரெண்டாவது தடவை வந்திருக்கும். உருளையைப் பிடிச்சு நின்னேன். அந்த உருளையோட முள்ளு சரியாத்தான் இருக்கு. அதையும் திருத்திடுங்க, யாரையாவது திட்டப் போறாங்க."

தம்பி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி தலையை நிமிர்த்தினாள். "குறட்டையும் இருக்குங்க" என்றாள்.

"அது போதும்" என்றார் முள்ளு சார்.

"தையற்காரர் வீடு வரைக்கும் கேக்கும். நடுவுல அப்படியே நின்னுடும். நான் உலுக்குவேன், மறுபடி ஆரம்பிக்கும். பக்கத்துல யாராவது படுக்க முடியுமா? ரெண்டு வருஷமா நான் ஹால்ல படுக்கறேன், டாக்டர். எல்லாருகிட்டயும் எனக்கு ஜன்னல் காத்து பிடிக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன். அந்த ஹால்ல ஜன்னலே இல்ல."

"அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது."

"ரொம்பச் சம்பந்தம் சார்" என்று டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "தூக்கத்துல மூச்சு நிக்கறதும் இந்த அழுத்தத்தை ஏத்தும். அம்மா, நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். இத்தனை வருஷமாக வாசற்படியில் தேங்கி நின்றதெல்லாம் மடை திறந்த வெள்ளமாக வந்தது. அவர் ஊறுகாய் ஜாடியைத் திருட்டுத்தனமாகக் காலி செய்வதும், கால் வீக்கத்துக்குக் குடும்ப டாக்டர் கொடுத்த நீர் மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே போடுவதும், தம்பி வந்தால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு, அவன் போன பிறகு அரை மணி நேரம் கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருப்பதும்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் தம்பி எழுந்து அண்ணன் நாற்காலியின் பின்னால் போய் நின்றுகொண்டான். முன்னால் நிற்க முகமில்லை.

டாக்டர் விவரமாகச் சொன்னார். எக்கோ காட்டுவது வெளியிலிருந்து போடும் மதிப்பீடுதான். கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலது பக்கம் வரை செலுத்தி, அழுத்தத்தை நேராக அளக்க வேண்டும். நுரையீரலில் பழைய ரத்தக்கட்டி ஏதும் அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். தூக்கத்தையும் சோதிக்க வேண்டும். எல்லாம் பார்த்த பிறகுதான் வகை தெரியும், வகை தெரிந்த பிறகுதான் மருந்து.

"அதாவது மானியைக் குழாய்க்குள்ளேயே இறக்கிப் பாக்கறீங்க" என்றார் முள்ளு சார். அவர் முகத்தில் மரியாதை வந்திருந்தது. "அதுதான் ஆய்வு. எப்ப?"

"மயங்கியிருக்கீங்க, ஆக்சிஜன் இறங்குது. வீட்டுக்கு அனுப்ப எனக்குத் தைரியமில்ல. இன்னைக்கே சேந்துடுங்க."

"இன்னைக்கேவா? அடுத்த வாரம் வந்து..." என்று ஆரம்பித்தார். அதே வார்த்தைகளை எத்தனையோ முதலாளிகள் கைகூப்பிக்கொண்டு அவரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. யாருக்கும் ஒரு மணி நேரம்கூடக் கொடுத்ததில்லை. "சரி. இன்னைக்கே. மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணிடுங்க."

ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து கதவருகே நிறுத்தினார். குடும்பம் மொத்தமும் விறைத்து நின்றது. வம்சத்தின் மூத்தவர், பத்து பேர் பார்க்க, சக்கர நாற்காலியிலா? அதைப் பார்த்துவிட்டால் பிறகு பார்க்கவில்லை என்று சொல்ல முடியாதே. தம்பி மெல்லத் திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் படத்தைப் படிக்கத் தொடங்கினான். மருமகள் கைப்பைக்குள் எதையோ தேடினாள். மனைவி கண்களை மூடிக்கொண்டு நின்றாள்.

முள்ளு சார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பழைய இலாகா ஜீப்பில் ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்து, கால்களைப் பலகையில் வைத்து, யாராவது வருவார்களா என்று பார்த்தார்.

"ஏன் எல்லாரும் திரும்பிக்கிட்டு நிக்கிறீங்க? இப்படி வாங்க" என்றார். தம்பி ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்தான். "நீ தள்ளாத, உனக்கு நூத்தி அறுபது. இந்தா, நீ வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "எனக்கு மூச்சு வாங்குது. மெதுவாத் தள்ளு."